டிஷ் நகரவில்லையா? மோட்டாரை ஓடவிட்டு வோல்டேஜை அளந்து பாருங்கள்



மொட்டை மாடியில் ஆறடி, எட்டடி டிஷ்ஷை நிறுத்தி, அதற்கு மோட்டாரும் மாட்டி, ஒரே ரிமோட்டில் வானத்தைத் துழாவிக்கொண்டிருப்பவர்கள் நம்மூரில் இன்றும் இருக்கிறார்கள். மேற்கே 66 டிகிரியில் இன்டெல்சாட்-17, கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு மேல் 83 டிகிரியில் ஜிசாட்-30, அதற்குக் கிழக்கே 93.5 டிகிரியில் டி.டி. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, இன்னும் தள்ளி 105.5 டிகிரியில் ஆசியாசாட்-7. ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் வரிசைகட்டி நிற்கும் இவற்றை ஒரே டிஷ்ஷால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சந்தோஷம், மாதச் சந்தா கட்டிப் பார்ப்பதில் எனக்குக் கிடைத்ததே இல்லை.

இந்த செட்டப்பில் கோளாறு என்று வந்தால் பெரும்பாலானவர்கள் சொல்லும் முதல் வார்த்தை, “மோட்டார் போச்சு” என்பதுதான். புது மோட்டார் வாங்கி மாட்டுவார்கள். அதுவும் நகராது. பிறகு மோட்டாருக்கு மின்சாரம் தரும் பொசிஷனரை மாற்றுவார்கள், அடுத்து ரிசீவரை. பல ஆயிரம் செலவான பிறகு பார்த்தால், கைப்பிடிச் சுவர் ஓரம் துருப்பிடித்துக் கிடக்கும் ஒரு ஜாயின்ட்தான் காரணமாக இருக்கும். மோட்டார் டிஷ்ஷில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி, மின்சாரம் போக வேண்டிய இடத்துக்குப் போகவேண்டிய அளவில் போகாததால் வருவது. அதைக் கண்டுபிடிக்க சில நூறு ரூபாய் மல்டிமீட்டர் ஒன்று போதும். எந்த நேரத்தில் அளக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

முதலில் உங்களுடையது எந்த வகை?

மோட்டார் டிஷ்ஷில் இரண்டு வகை உண்டு. இரண்டிலும் மின்சாரம் போகும் வழி வேறு என்பதால், இதைத் தெரிந்துகொள்ளாமல் கையை வைக்காதீர்கள்.

ஒன்று, பெரிய சி-பேண்ட் டிஷ்களில் பார்க்கும் ஆக்சுவேட்டர். நீளக் கம்பி ஒன்று வெளியே வந்தும் உள்ளே போயும் டிஷ்ஷைத் தள்ளி இழுக்கும். இதற்கு 36 வோல்ட் டி.சி. வேண்டும். அதைக் கொடுப்பது பொசிஷனர் என்ற தனிப் பெட்டி. ஆக்சுவேட்டருக்கு நான்கு ஒயர் போகும்: தடிமனான இரண்டு மோட்டாருக்கு, மெல்லிய இரண்டு சென்சாருக்கு. டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கும் எல்.என்.பி.க்குப் போகும் 13 அல்லது 18 வோல்ட், ரிசீவரிலிருந்து கேபிள் வழியாகத் தனியாகப் போகிறது. அதாவது இங்கே இரண்டு மின்பாதைகள். டிஷ் நகர்கிறது, படம் மட்டும் வரவில்லை என்றால் 36 வோல்ட் பக்கம் தேடிப் பயனில்லை. படம் நன்றாக வருகிறது, டிஷ் அசையவில்லை என்றால் எல்.என்.பி.யைக் குறை சொல்ல வேண்டாம்.

இன்னொன்று, சிறிய கே.யு. பேண்ட் டிஷ்களில் மாட்டும் டைசெக் மோட்டார். டிஷ்ஷைத் தாங்கும் குழாயிலேயே உட்கார்ந்திருக்கும். இதற்குத் தனி சப்ளை கிடையாது. ரிசீவர் தரும் அதே 13, 18 வோல்ட்டில்தான் மோட்டாரும் ஓட வேண்டும், எல்.என்.பி.யும் வேலை செய்ய வேண்டும். நகர், நில் என்ற கட்டளைகளும் அதே கேபிளில் 22 கிலோ ஹெர்ட்ஸ் டோனாகப் போகின்றன. எல்லாமே ஒரே கேபிளை நம்பி நடப்பதால், கேபிள் பலவீனமானால் எல்லாம் சேர்ந்து தடுமாறும்.

சும்மா இருக்கும்போது எல்லா வோல்டேஜும் சரியாகத்தான் தெரியும்

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் நிற்கும் என்றால், இது நிற்கட்டும். மோட்டார் ஓடாதபோது அளந்த வோல்டேஜை நம்பாதீர்கள்.

ஒயரில் கரண்ட் ஓடாவிட்டால் வோல்டேஜ் இறக்கமும் இருக்காது. பாதி அறுந்த ஒயராக இருந்தாலும், துருப்பிடித்த ஜாயின்டாக இருந்தாலும், மோட்டாரைக் கழற்றிவிட்டு பட்டனை அமுக்கி அளந்தால் மீட்டரில் அழகாக 36 காட்டும். மோட்டார் இழுக்க ஆரம்பித்த நொடியில்தான் வழியில் இருக்கும் ஒவ்வொரு தடையும் தன் பங்கைப் பிடுங்கும். வாய்க்காலில் தலைமடைக்காரர்கள் பாய்ச்ச ஆரம்பித்த பிறகுதானே கடைமடைக்கு என்ன மிஞ்சுகிறது என்று தெரியும்? மொட்டை மாடி மோட்டாரின் நிலைமையும் அதுதான்.

கேபிள் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டதை அப்படியே தருகிறேன்.

“அண்ணே, 36 வோல்ட் சரியா வருது. மோட்டார்தான் போச்சு போல. புதுசு வாங்கிரவா?”

“மோட்டார் ஓடும்போது அளந்தியா தம்பி?”

“அது எங்கண்ணே ஓடுது? பட்டனை அமுக்கினா லேசா முனகுது, அவ்வளவுதான்.”

“முனகும்போது பார். மாடியில ஆக்சுவேட்டர் டெர்மினல்ல மீட்டரை வச்சுக்க, கீழ ஒருத்தரை பட்டனை அமுக்கச் சொல்லு.”

கொஞ்ச நேரம் கழித்துக் கூப்பிட்டார். “அண்ணே, 19-க்கு இறங்கிருச்சு! கீழ பொசிஷனர்ல 34 நிக்குது.”

கீழே 34, மேலே 19. நடுவில் 15 வோல்ட் காணாமல் போகிறது என்றால் தப்பு ஒயரில்தான். கைப்பிடிச் சுவருக்குக் கீழே இரண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் ஒன்று இருந்தது. டேப்பைப் பிரித்தால், செம்பு இழைகளில் பாதிக்கு மேல் பச்சையாகப் பொடிந்து கையோடு வந்தன. மிஞ்சியது நாலைந்து இழைதான். ஒயரை வெட்டிச் சுத்தம் செய்து, சோல்டர் வைத்து, தண்ணீர் புகாத சின்னப் பெட்டிக்குள் போட்டதும் டிஷ் பழையபடி நகர்ந்தது. மோட்டாருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆக்சுவேட்டர்: மூன்று விடைகள்

ஆக்சுவேட்டர் வைத்திருப்பவர்கள் இரண்டு இடத்தில் அளந்தால் போதும். பொசிஷனரின் பின்பக்க டெர்மினலில் ஒன்று, மாடியில் மோட்டார் டெர்மினலில் ஒன்று. இரண்டும் மோட்டாருக்கு மின்சாரம் போகும்போது எடுத்த அளவாக இருக்க வேண்டும்.

கீழே சரி, மேலே குறைவு என்றால் ஒயர் அல்லது ஜாயின்ட். ஒயரின் தடிமனையும் பாருங்கள். பொசிஷனரிலிருந்து டிஷ்ஷுக்கு 30 மீட்டர் என்றால், போக வர 60 மீட்டர் செம்பு. அரை ஸ்கொயர் (சதுர மி.மீ.) ஒயராக இருந்தால் அதன் தடை ஏறக்குறைய 2.3 ஓம். மோட்டார் 3 ஆம்பியர் இழுத்தால் வழியிலேயே 7 வோல்ட் போய்விடும். ஒன்றரை ஸ்கொயர் போட்டால் இழப்பு இரண்டரை வோல்ட்டுக்குள் அடங்கும். இரண்டரை ஸ்கொயர் என்றால் ஒன்றரை வோல்ட்தான். ஒயரில் காசை மிச்சம் பிடிப்பவர்கள் அதை மோட்டாரில் செலவழிக்கிறார்கள்.

கீழேயே இறங்குகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். பொசிஷனரின் சப்ளை பலவீனமாக இருக்கலாம், அல்லது மேலே ஏதோ ஒன்று அளவுக்கு மீறி இழுக்கலாம். பிரித்தறிய, ஆக்சுவேட்டர் கம்பியை டிஷ்ஷிலிருந்து கழற்றி வெறுமனே ஓடவிட வேண்டும். கழற்றும் முன் டிஷ்ஷைக் கயிறு போட்டு இரண்டு பக்கமும் இறுகக் கட்டிவிடுங்கள். பிடிப்பு இல்லாத எட்டடி டிஷ் ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஆள் தாங்காது. வெறும் ஆக்சுவேட்டர் சுகமாக ஓடினால், பெரும்பாலும் டிஷ்ஷின் சுழலும் அச்சு இறுகியிருக்கும். துருவைத் தேய்த்து கிரீஸ் வையுங்கள். வெறுமனேயும் திணறினால் உள்ளே கியரோ மோட்டாரோ மாட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பொசிஷனரின் சப்ளைதான் பலவீனம்.

இரண்டு இடத்திலும் வோல்டேஜ் நன்றாக நிற்கிறது, ஆனாலும் அசைவில்லை என்றால் மட்டுமே மோட்டாரைச் சந்தேகப்படுங்கள். அப்போதும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பொசிஷனர் ஒயரைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் பேட்டரியை நடுவில் ஒரு ஃபியூஸ் வைத்து நேரடியாகக் கொடுங்கள். 36 வோல்ட் மோட்டார் 12 வோல்ட்டில் மெதுவாக ஓடும். ஒயர்களை மாற்றிக் கொடுத்தால் எதிர்த்திசையில் ஓடும். ஓடினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது.

போகும்போது வேகமாகவும் திரும்பும்போது திணறியும் வருகிறதா? அதற்கு நம் ஊரின் இருப்பிடமே ஒரு காரணம். சென்னையிலிருந்து 83 டிகிரி செயற்கைக்கோளைப் பார்க்க டிஷ் ஏறக்குறைய 74 டிகிரி அண்ணாந்து நிற்க வேண்டும். அங்கிருந்து கிழக்கோ மேற்கோ போகும்போது டிஷ்ஷின் எடை கீழ்நோக்கி இறங்கி மோட்டாருக்கு உதவுகிறது. நடுவுக்குத் திரும்பும்போது அதே எடையை மோட்டார் தூக்கியாக வேண்டும். கரண்ட் அதிகம் இழுப்பது அந்த நேரத்தில்தான். ஆகவே, டிஷ் ஒரு ஓரத்திலிருந்து நடுவுக்கு ஏறி வரும்போது அளந்து பாருங்கள். பலவீனம் அங்கேதான் முதலில் தெரியும்.

மின்சாரக் கோளாறு போலத் தெரியும், ஆனால் இல்லை

டிஷ் சில நொடி நகர்ந்து டக்கென்று நிற்கிறது, மறுபடி அமுக்கினால் மறுபடி சில நொடி. இதைப் பார்த்ததும் பவர் போதவில்லை என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். சென்சாரைப் பாருங்கள். ஆக்சுவேட்டருக்குள் காந்தம் பதித்த சக்கரம் ஒன்று சுற்றும். பக்கத்தில் இருக்கும் ரீட் சுவிட்ச் ஒவ்வொரு முறையும் மூடித் திறந்து பொசிஷனருக்குக் கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கு வரவில்லை என்றால், மோட்டார் சிக்கிக்கொண்டது என்று நினைத்து பொசிஷனர் மின்சாரத்தை நிறுத்திவிடும். சென்சார் ஒயரைக் கழற்றி, மீட்டரை பீப் சத்தத்தில் வைத்து, காந்தத்தை ரீட் சுவிட்ச் பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். சத்தம் வந்து வந்து நிற்க வேண்டும். வரவில்லை என்றால் ரீட் சுவிட்ச் போய்விட்டது அல்லது ஒயர் அறுந்திருக்கிறது. ரீட் சுவிட்ச் விலை மிகக் குறைவு.

ஒரு திசையில் மட்டும் நகர்கிறது என்றால் லிமிட் சுவிட்ச். கடைசி எல்லையைத் தொட்டதும் அது மோட்டாரை நிறுத்தும். திரும்பி வர வழிவிடுவது அதன் கூடவே இருக்கும் டயோடு. அந்த டயோடு போய்விட்டால் டிஷ் எல்லையிலேயே நின்றுவிடும்.

டைசெக் மோட்டார்: கேபிளில் இரும்பு இருக்கிறதா?

ரிசீவர் பெரும்பாலும் 400 அல்லது 500 மில்லி ஆம்பியர் வரைதான் கொடுக்கும். எல்.என்.பி. 100 முதல் 200 வரை எடுத்துக்கொள்ளும். மோட்டார் நகரும்போது 200 முதல் 350 வரை கேட்கும், கிளம்பும் நொடியில் இன்னும் கூடுதலாகக் கேட்கும். கூட்டிப் பார்த்தால் ரிசீவர் தன் எல்லையிலேயே நிற்பது புரியும். டிஷ்ஷை நகர்த்தியதும் ரிசீவர் தானாக ஆஃப் ஆகி ஆன் ஆவதன் காரணமும் இதுதான்.

இந்த நிலைமையில் கேபிள் நல்லதாக இருக்க வேண்டும். கடையில் ஆர்.ஜி-6 என்று கேட்டால் கொடுப்பதில் பலவற்றின் நடுக்கம்பி முழுச் செம்பு கிடையாது. இரும்புக் கம்பியின் மேல் செம்பு பூசியது. சிக்னலுக்கு அது போதும், ஏனென்றால் உயர் அலைவரிசை கம்பியின் மேல்தோலில்தான் பயணிக்கிறது. டி.சி. மின்சாரம் முழுக் கம்பியிலும் ஓட வேண்டியது. 30 மீட்டர் முழுச் செம்பு நடுக்கம்பியின் தடை முக்கால் ஓம்கூட வராது. இரும்பு என்றால் மூன்று ஓம் பக்கம் போகும். வெளி வலைக்கம்பியின் தடையையும் சேர்த்தால், 450 மில்லி ஆம்பியரில் ஒன்றரை வோல்ட்டுக்கு மேல் கேபிளே தின்றுவிடும். 13 வோல்ட் சேனலில் இருந்தால் மோட்டாருக்குப் 11 சொச்சம்தான் கிடைக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, நடுக்கம்பியின் நுனியில் சின்னக் காந்தம் ஒன்றை வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு.

இன்னொரு சோதனை ரிமோட்டிலேயே செய்யலாம். வெர்ட்டிகல் சேனலுக்கு ரிசீவர் 13 வோல்ட் அனுப்பும், ஹாரிசான்டலுக்கு 18. ஹாரிசான்டல் சேனலில் வைத்தால் டிஷ் நகர்கிறது, வெர்ட்டிகலில் நகரவில்லை என்றால் வழியில் வோல்டேஜ் இறங்குகிறது என்று தைரியமாகச் சொல்லலாம். ஹாரிசான்டல் சேனல்கள் மட்டும் விட்டுவிட்டு மறைவதும் இதே ரகம்தான். 18 வோல்ட் ஏறக்குறைய 15-க்குக் கீழே போய்விட்டால், எல்.என்.பி. அதை 13 என்று எண்ணி வெர்ட்டிகலுக்கு மாறிவிடும்.

மோட்டார் ஓடும்போதே கேபிளில் அளக்க, டி.சி. கடத்தும் டூ-வே ஸ்பிளிட்டர் ஒன்றை மோட்டார் பக்கத்தில் மாட்டுங்கள். ஒரு முனை மோட்டாருக்கு, மறுமுனையில் துண்டுக் கேபிள் போட்டு மீட்டரை வையுங்கள். நடுவில் சுவிட்சுகள் இருந்தால் அவற்றையும் கொஞ்ச நேரத்துக்குக் கழற்றிவிட்டு, ரிசீவரிலிருந்து நேராக மோட்டார் என்று வைத்துப் பாருங்கள். முடிந்தால் ரிசீவரையும் சின்ன டி.வி.யையும் மாடிக்கே கொண்டுபோய், இரண்டு மீட்டர் கேபிளில் கொடுத்துப் பாருங்கள். அங்கே ஓடினால் வழக்கு முடிந்தது: தப்பு கேபிளில்.

எஃப் கனெக்டரைத் திறந்து பாருங்கள்

எல்.என்.பி.யில் மாட்டியிருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். நல்ல கனெக்டரில் நடுக்கம்பி செம்பு நிறத்தில் மின்னும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் பால் வெள்ளையாக இருக்கும். தண்ணீர் குடித்ததில் நடுக்கம்பி கறுத்து, ஊசி போல மெலிந்திருக்கும். பிளாஸ்டிக் பழுப்பேறி, உள்ளே பச்சைப் பொடி தட்டும். வெறும் ஈரத்தைவிட, மின்சாரம் ஓடும் ஈரம் செம்பை வேகமாக அரிக்கும். நம் கேபிளிலோ ரிசீவர் ஓடும்போதெல்லாம் 13 வோல்ட்டாவது இருக்கிறது. கனெக்டரை மட்டும் மாற்றாமல், கேபிளின் நிறம் நன்றாக வரும் வரை சில அடி வெட்டித் தள்ளுங்கள். ஈரம் வலைக்கம்பி வழியே உள்ளே ஏறியிருக்கும்.

புதுக் கனெக்டர் போடும்போது வலைக்கம்பியின் ஓர் இழைகூட நடுக்கம்பியைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட். கழற்றுவதற்கும் மாட்டுவதற்கும் முன்னால் ரிசீவர் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ரிமோட்டில் ஸ்டாண்ட்பை போட்டால் போதாது.

சாயங்காலம் மட்டும் திணறினால்

காலையில் நன்றாக ஓடும் டிஷ் விளக்கு வைத்த பிறகு மந்தமாகிறது என்றால், வீட்டுக்கு வரும் கரண்டைப் பாருங்கள். சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் வைத்த பொசிஷனரில், வீட்டு வோல்டேஜ் 230-லிருந்து 180-க்கு இறங்கினால், 36 வோல்ட்டும் அதே விகிதத்தில் 28-க்கு இறங்கும். அங்கே தேவை ஸ்டெபிலைசர்தான்.

எந்நேரமும் திணறினால் பெட்டிக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் மேல் சந்தேகம் வரலாம். நம் ஊர் வெயிலில், டி.வி. ஸ்டாண்டுக்குள் மூடிவைத்த ரிசீவரில் இவை சீக்கிரம் காய்ந்துபோகும். தலை உப்பியிருந்தாலோ அடியில் பழுப்புக் கறை தெரிந்தாலோ மாற்ற வேண்டும். அதே மைக்ரோ ஃபாரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 டிகிரி என்று போட்டதாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். வகைப் பெட்டியின் பெரிய கெப்பாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். அது ஆளையே கொல்லும். எலக்ட்ரானிக்ஸ் பழக்கம் இல்லாதவர்கள் பெட்டியைத் திறக்கவே வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில் புதியது போடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றி ஓட்டுவது வீட்டுக்கே ஆபத்து.

ஐப்பசி மழைக்கு முன்னால்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். அதற்கு முன் மாடியில் இருக்கும் ஒவ்வொரு கனெக்டருக்கும் தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை, கீழிருந்து மேலாக இழுத்துச் சுற்றுங்கள். கனெக்டருக்கு முன் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஆக்சுவேட்டரின் அடியில் இருக்கும் சின்னத் துளையைச் சிமெண்ட்டோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் ஊசியால் திறந்துவிடுங்கள். உள்ளே சேரும் நீர் வெளியேற வேறு வழி கிடையாது. டிஷ் நிற்கும் கம்பத்துக்கு எர்த் கொடுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் கேபிளையும் கழற்றிவையுங்கள். அப்போது மாடிக்குப் போகவே கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் டிஷ் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இந்த வாரமே மல்டிமீட்டரை எடுங்கள். பொசிஷனரில் ஓடும்போது எத்தனை வோல்ட், மோட்டாரில் எத்தனை, எல்.என்.பி.யில் 13-க்கும் 18-க்கும் எத்தனை என்று அளந்து, தேதி போட்டு ஒரு சீட்டில் எழுதி பொசிஷனர் மேல் ஒட்டிவிடுங்கள். நாளை கோளாறு வரும்போது எந்த எண் மாறியிருக்கிறதோ அங்கிருந்துதான் தேட ஆரம்பிக்க வேண்டும். அந்தச் சீட்டு இருந்தால், கடைக்காரரோ டெக்னீஷியனோ “மோட்டார் போச்சு சார்” என்று சொல்லும்போது நீங்கள் அப்படியே நம்பிக் காசை எடுத்து நீட்ட வேண்டியிருக்காது.